முவக்கித்தும் நம் கைக்கடிகாரமும்

தொழுகை, நேரத்தோடு பிணைந்த கடமை. ஆதலால் நேரக் கணிப்பும் நம் முன்னோரிடம் மார்க்கப் பணியாயிற்று. திமிஷ்க் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக, அதாவது தொழுகை நேரங்களைக் கணிக்கும் அறிஞராக விளங்கிய இப்னுஷ் ஷாத்திர், 1371இல் அதன் மினாராவில் பளிங்குச் சூரியக் கடிகாரம் ஒன்றை நிறுவினார். இஸ்தான்பூல் வான் ஆய்வுக்கூடத்தில் தகிய்யுத்தீன், மணி, நிமிடம், விநாடி மூன்றும் காட்டும் இயந்திரக் கடிகாரத்தைப் பயன்படுத்தினார். 1580இல் அக்கூடம் இடிக்கப்பட்டது.

இன்றைய ஆட்டோமேட்டிக் கடிகாரம் கையசைவாலேயே தன் சுருள்வில்லை முறுக்கிக்கொள்கிறது. எனினும் வெப்பமும், அது கிடக்கும் நிலையும், எண்ணெய் வறள்வதும் அதன் ஓட்டத்தை மாற்றும். நாளுக்கு 5 விநாடி பிந்தினாலும், ரமளானின் 30 நாளில் இரண்டரை நிமிடம் பிந்திவிடும்; ஸஹர் முடிந்ததை அறியாமலே உண்டுகொண்டிருப்போம். முவக்கித் சூரியனைக் கொண்டு நேரத்தை உறுதிசெய்தார். நாமும் வாரந்தோறும் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வோமாக.