புதிய ஒழுங்கும் பழைய ஒழுங்கும்: 1942 வானொலி உரையை முன்வைத்து



1942 நவம்பர் 13 அன்று பம்பாய் வானொலியில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகி நான்கு மாதமே ஆகியிருந்தது. ஆகஸ்ட் போராட்டத்தின் சூடு அடங்கவில்லை. இந்தியத் தொழிலாளர் இந்தப் போரை வெல்ல ஏன் உறுதிகொண்டுள்ளனர் என்பதே பேச்சின் பொருள். வெள்ளைக்காரனுக்கு ஆள் சேர்த்தார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். உரையைப் படிக்காதவர்களின் பேச்சு அது.

நாஜிகளின் புதிய ஒழுங்கு இனத்திமிரின் மேல் எழுந்தது, அது வென்றால் நமக்கு விடுதலை இல்லை என்றார். இதை யாரும் சொல்லியிருக்கலாம். அவர் அங்கே நிற்கவில்லை. பழைய ஒழுங்கைக் காப்பாற்றவும் தொழிலாளர் போரிடவில்லை என்றார். தேசம் விடுதலை பெற்றால் போதாது, சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவமும் வேண்டும் என்றார்.

பழைய ஒழுங்கு எது என்று செங்கல்பட்டுச் சீமைக்கு விளக்க வேண்டியதில்லை. 1843லேயே சட்டம் அடிமை முறையை ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில், கடனால் கட்டுண்டு தலைமுறையாக உழைத்த படியாட்கள் இருந்தார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்பது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அதே போரில் ஜப்பானும் அழைத்தது: ஆசியா ஆசியருக்கே என்று. மலேயாத் தோட்டங்களின் தமிழ்க் கூலிகளை, கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று சொல்லியும், பிடித்துக்கொண்டும் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கங்காணி போனான், சிப்பாய் வந்தான்.

அம்பேத்கர் பக்கத்துக் கணக்கையும் மறைக்கக் கூடாது. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாதென்ற தடை 1943இல், அவர் பொறுப்பில் இருந்தபோதே, போரைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. ஆணுக்கு நிகரான கூலி உண்டு என்று சட்டசபையில் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. தடை 1946இல்தான் திரும்பியது. அதே ஆண்டு ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று சட்டமாயிற்று. படியாளுக்கு அந்தக் கடிகாரம் அடிக்கவில்லை.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். எல்லாரும் இருளர். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.