வில், திரி, மழை: நெல்லைச் சீமையில் குறி தப்பிய ஆயுதங்கள்

1346 ஆகஸ்டு 26. பிரான்சில் கிரேசி என்ற ஊரில் பெரும் போர். பிரெஞ்சுப் படையில் ஜெனோவா நாட்டுக் கூலி வீரர்கள் குறுக்குவில்லோடு நின்றார்கள். போருக்குச் சற்று முன் மழை கொட்டியது. நாண் நனைந்து அம்புகள் இலக்கை எட்டவில்லை என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஆங்கிலேயரோ நெடுவில்லின் நாணைக் கழற்றிப் பத்திரப்படுத்திக் கொண்டார்களாம். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. பாவம், மழையின் தலையில் எல்லாப் பழியும் விழுந்துவிட்டது!

நம் ஊருக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டியபோது வாள், ஈட்டியோடு இரும்பு அம்பு முனைகளும் கிடைத்தன. இரும்பு முனை மட்டுமே மிஞ்சும். மூங்கிலும் நாணும் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் குறியைத் தீர்மானிப்பது மட்கிப்போன அந்தப் பகுதிதான். மருள் நாரில் நாண் திரிப்பது நம் நாட்டு வழக்கம். ஈரம் பட்டால் நாரின் நீளமும் விறைப்பும் மாறும்; நேற்று பழகிய கை இன்று தப்பும்.

துப்பாக்கி வந்த பிறகாவது இந்தத் தொல்லை தீர்ந்ததா? இல்லை, கூடியது. பாளையக்காரர்களின் திரித் துப்பாக்கியில் வெடியுப்பில் ஊறிய கயிறு கனன்று கொண்டே இருக்க வேண்டும். மழை வந்தால் திரி அணையும். காற்று அடித்தால் கிண்ணத்தில் உள்ள மருந்து பறக்கும். ஐப்பசி அடைமழையில் தீபாவளிப் பொட்டு வெடி நமத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கும்பினியாரிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கிண்ணத்துக்கு மூடி உண்டு, திரி தேவையில்லை. ஆனால் குழாய் முக்கால் அங்குலம், குண்டு அதைவிடச் சிறிது. உள்ளே இடித்துக் கொண்டே போகும் குண்டு எந்தப் பக்கம் வெளியேறும் என்று சுட்டவனுக்கே தெரியாது. 100 கஜம் தாண்டினால் தனி ஆளைக் குறி வைப்பது வீண். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

இந்தச் சீமையின் காற்றும் லேசானதல்ல. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் இன்று கயத்தாறில் காற்றாலைகள் சுற்றுகின்றன. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே கயத்தாறு.

அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 5 அன்று, பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி மீது நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று மெக்காலே படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. கோட்டைக்குள் இருந்தவர்களின் முக்கிய ஆயுதம் நீண்ட ஈட்டி. ஈட்டிக்குத் திரியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், மழையும் ஒரு பொருட்டல்ல. மண் சுவரின் இடிபாட்டில் ஏறி வருகிறவனுக்கு ஒரு முறை சுட்ட துப்பாக்கி வெறும் தடிதான்.

கடைசியில் மே 24 அன்று கோட்டையைச் சாய்த்தவை அக்னியூ தலைமையில் வந்து சேர்ந்த பெரிய பீரங்கிகள். அவற்றைக் கரிசல் மண்ணில் இழுத்து வர வேண்டும். மழை நனைத்த கரிசலில் மாட்டு வண்டியே புதையும் என்பது ஒட்டப்பிடாரம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சித்திரை வைகாசி வெயிலில் தரை காய்ந்து கிடந்தது கும்பினியாருக்கு எவ்வளவு பெரிய உதவி! வடகிழக்குப் பருவம் வரை கோட்டை தாக்குப்பிடித்திருந்தால் அந்தப் பீரங்கிகள் அவ்வளவு எளிதாக வந்திருக்காது.

1801 டிசம்பரில் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு பாளையக்காரர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. மழைத் தொல்லைக்கு மருந்து அதன் பிறகுதான் வந்தது. 1834இல் இங்கிலாந்தின் உல்விச்சில் இரு வகைத் துப்பாக்கிகளையும் ஆளுக்கு 6000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கிக் கல் 922 முறை ஏமாற்றியது. புதிதாக வந்த கேப்புத் துப்பாக்கி ஏமாற்றியது 36 முறைதான். அதற்குள் நெல்லைச் சீமையில் ஈட்டிகளைப் பறித்து முப்பது வருடம் ஓடியிருந்தது.