ஏகாம்பரநாதர் கோயில் மாமரம்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. அம்மன் மணலால் லிங்கம் அமைத்துப் பூசித்தது இம்மரத்தடியில்தான் என்கிறது தலபுராணம். 'ஏகாம்பரம்' என்ற பெயருக்கே ஒற்றை மாமரம் என்று பொருள் கூறுவதுண்டு. 192 அடி உயர ராஜகோபுரத்தை கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பினார். கோயிலோ அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. மரத்துக்கு 3,500 வயது என்ற வழக்கு பக்தி சார்ந்தது. அடிமரம் பொந்தாகிவிட்டால் ஆண்டு வளையங்களை எண்ண வழியில்லை. வெப்பமண்டல மாவில் அவை தெளிவாக விழுவதும் அரிது.

நான்கு கிளைகள் நான்கு வேதங்கள், கனிகளும் நான்கு சுவை என்பார்கள். ஒட்டுக்கட்டினால் ஒரே மரத்தில் பல ரகங்கள் காய்ப்பது இயல்பே. இங்கு அப்படி நடந்ததற்குச் சான்றில்லை.

முதிர்ந்த மாவுக்குப் பெரும்பகை தண்டுத் துளைப்பான் புழு. பிரகாரத்துக் கல்தளமும் கேடுதான்: வேருக்கு நீரும் காற்றும் எட்டாது. கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று பெரும்பாலும் தாயின் குணத்தை முழுமையாகக் கொள்ளாது. அதே மரம் தொடர ஒட்டுக்கன்றே வழி. பழைய அடிமரத்தின் பகுதி இன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் இடத்தில் வளரும் இளைய மரத்தையே அடியார்கள் வலம்வருகின்றனர். பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தின் புராணமும் தலமரமான மாவையே சுற்றி நிற்கிறது.