காயத்தின் பெயரும் கணக்கும்



நினைவுச் சொற்பொழிவு என்பதால் நினைவைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தோம். போற்றிப் பாதுகாக்கும் நினைவு அல்ல. வேண்டாம் என்றாலும் வந்து நிற்கிற, தூக்கத்தைக் கெடுக்கிற, கடைசியில் இதயத்தையும் கெடுக்கிற நினைவு. மருத்துவம் இதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தச் சீர்குலைவு என்கிறது, சுருக்கமாக பி.டி.எஸ்.டி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் இந்தப் பெயர் 1980இல்தான் ஏறியது. ஆய்வுக்கூடத்தில் யாரோ கண்டுபிடித்து ஏறியது அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் கூடிப் போராடி ஏற்றியது.

முதல் உலகப் போரிலிருந்து தொடங்குவோம். 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்பவர் 'லான்செட்' மருத்துவ இதழில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். பக்கத்தில் குண்டு வெடித்த பிறகு அவர்களுக்கு நினைவு தப்பியது, பார்வை குறைந்தது, மணமும் சுவையும் போயின. அவர் பயன்படுத்திய பெயர் 'ஷெல் ஷாக்'. போர் முடியும்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் சுமார் 80,000 பேர் இந்தக் கணக்கில் இருந்தார்கள். ராணுவம் என்ன செய்தது? எதிரியின் குண்டால் வந்த அதிர்ச்சி என்றால் சீட்டில் ஓர் எழுத்து, இல்லையென்றால் வேறோர் எழுத்து. முதல் எழுத்துக்காரன் காயம்பட்ட வீரன். அவனுக்குக் காயப்பட்டையும் ஓய்வூதியமும் உண்டு. இரண்டாம் எழுத்துக்காரன் வெறும் நோயாளி. பதவிக்கேற்ற நோயும் இருந்தது: அதிகாரிக்கு வந்தால் நரம்புத் தளர்ச்சி, சாதாரண சிப்பாய்க்கு வந்தால் ஹிஸ்டீரியா. படிநிலை நோயின் பெயர்வரைக்கும் இறங்கும் என்பது நம்மவர்களுக்குப் புதுச் செய்தியா என்ன? ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது.

அமெரிக்கக் கையேட்டின் 1952 முதற்பதிப்பில் கடும் அழுத்தத்தால் வரும் எதிர்வினை என்று ஒரு பிரிவு இருந்தது. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது! (அதே ஆண்டு டிசம்பர் 25 அன்றுதான் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.) போரை எதிர்த்த முன்னாள் சிப்பாய்கள் 1970 இறுதியில் நியூயார்க்கில் தாங்களே வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சைம் ஷாடன் ஆகிய மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். வல்லுறவுக்கு ஆளான பெண்களிடமும் இதே வகை அறிகுறிகள் உண்டு என்று ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் இருவரும் 1974இல் எழுதினார்கள். இந்த அழுத்தங்களுக்குப் பிறகுதான் 1980 வந்தது.

பெயர் கிடைத்ததும் எண்ண முடிந்தது. வியட்நாம் போனவர்களை வைத்து 1980களில் நடந்த தேசிய ஆய்வில் அப்போது நோய் இருந்தவர்கள் வெள்ளையரில் 13.7 சதவீதம், கறுப்பினத்தவரில் 20.6, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 27.9. கறுப்பினத்தவரின் எண் உயர்ந்ததற்குப் பெரும்பங்குக் காரணம், அவர்கள் கடுஞ்சண்டையில் அதிகம் சிக்கியது.

அடுத்த கேள்வி உடம்பு. இந்த நோய்க்காரருக்கு மாரடைப்பு வந்தால், புகைபிடித்திருப்பார், குடித்திருப்பார், குடும்பத்திலேயே இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். எமரி பல்கலைக்கழகத்தின் வயோலா வக்காரினோ குழு அதற்காகவே இரட்டையர்களை எடுத்துக்கொண்டது: வியட்நாம் காலத்து ராணுவத்தில் இருந்த 562 ஆண்கள், தொடக்கத்தில் யாருக்கும் இதயநோய் இல்லை. சராசரி 13 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதத்தினருக்கு இதயநோய், இல்லாதவர்களில் 8.9. ஒருவருக்கு மட்டும் நோய் இருந்த இரட்டையர்களிலும் அவருக்கே இதயநோய் அதிகம். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சோறு. வேறுபட்டது அந்த அதிர்ச்சி. 2013இல் வெளியான இந்த ஆய்வு புகைப்பழக்கம் முதலானவற்றைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு போகவில்லை. ஆபத்து வந்தால் இதயம் வேகமாகத் துடிப்பதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் இயல்பு. ஆபத்து போன பின்னும் உடம்பு காவலை விடாமல் இருந்தால், அந்தக் காவலுக்கு ரத்தக்குழாய்தான் விலை கொடுக்கிறது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு முரண் உண்டு. 'பிந்தைய' என்கிறார்கள். போர் முடியும், சிப்பாய் ஊர் திரும்புவான். சேரி எரிந்த பிறகு நம் மக்கள் எங்கே திரும்புவது? எரித்தவரின் வயலுக்கும் அவர் தெருவழியே போகும் பாதைக்கும்தான். இனவெறி அவமதிப்பே தொடர் அதிர்ச்சியாகும் என்று ராபர்ட் கார்ட்டர் 2007இல் அமெரிக்காவில் வாதிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே அம்பேத்கர், பரோடாவில் தங்குமிடத்திலிருந்து தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்ட காட்சி 18 ஆண்டுகள் கழிந்தும் மங்கவில்லை, கண்ணீர் இல்லாமல் நினைக்க முடியவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். அவருக்கு நோய்ப்பெயர் ஒட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாட்சியம் எவ்வளவு பழையது என்பதற்காகச் சொல்கிறோம்.

சட்டம் ஓரளவு வந்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பாதிக்கப்பட்டவர் யார் என்று வரையறுக்கும்போது உடல், பொருள் இழப்போடு மன, உளவியல், உணர்வு சார்ந்த பாதிப்பையும் சேர்த்தது, உறவினரையும் சேர்த்தது. ஆனால் தானாக யாரும் எழுதித் தரமாட்டார்கள். இதில் ஆபத்தும் உண்டு. "சாட்சிக்கு மனநிலை சரியில்லை" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். எனவே சான்றிதழில் நோயின் பெயரோடு, எந்த நிகழ்வால் எப்போது வந்தது என்பதும் இருக்க வேண்டும்.

வெண்மணியில் இறந்தவர்கள் 44 என்று எண்ணினார்கள். தீயைப் பார்த்துக்கொண்டு பிழைத்தவர்களின் ரத்த அழுத்தத்தை யார் எண்ணினார்கள்? இங்கே உள்ள சமூகவியல், சமூகப்பணி மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் மாவட்டத்தில் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு வழக்கை எடுங்கள். பிழைத்தவர்களின் சம்மதத்தோடு அவர்கள் தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றை இப்போதும், ஓராண்டிலும், ஐந்தாண்டிலும் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூடவேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் மேசையில் அந்தத் தாளை வையுங்கள்.