சொவேட்டோ 1976: மொழியின் பெயரால் மூண்ட தீ

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு உழைப்பை வழங்கிய கறுப்பின மக்களை, வெள்ளையர் வாழும் பகுதிகளிலிருந்து விலக்கிக் குடியமர்த்திய இடமே சொவேட்டோ. 'தென்மேற்குக் குடியிருப்புகள்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து இட்ட பெயர் அது. பெயர் சூட்டுவதில்கூட ஆட்சியாளருக்கு அத்துணைச் சிக்கனம்! 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், புதன்கிழமை காலை, பள்ளிச் சீருடையணிந்த மாணவர் பல்லாயிரவர் அங்கே தெருவில் இறங்கினர். அன்று மூண்ட கொந்தளிப்பு ஆண்டு முடியும்வரை அடங்கவில்லை.

இக்கிளர்ச்சி மொழிப் போராட்டம் என்றே பெரும்பாலும் குறிக்கப்படுகின்றது. தமிழ் கற்பிப்போரும் கற்போருமாகிய நாம் அதைக் கேட்டவுடன், அம்மாணவர் தம் தாய்மொழிக்காகப் போராடினர் என எண்ணிக்கொள்வது இயல்பே. உண்மை அதுவன்று. சூலு, சோத்தோ முதலிய தம் மொழிகளில் பாடங்களை நடத்துமாறு அவர்கள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் நம் சிந்தனைக்குரியது.

1953இல் பாண்டுக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் சிற்பி, பின்னாளில் பிரதமரான வெர்வூர்ட். வெள்ளையர் சமூகத்தில் சிலவகை உழைப்புக்கு மேல் கறுப்பருக்கு இடமில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நாடாளுமன்ற மேலவையிலேயே கூறினார். அச்சட்டத்தின் வழி, தொடக்கப்பள்ளி முழுதும் தாய்மொழியே பயிற்றுமொழியாயிற்று. தாய்மொழிக் கல்வி நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அங்கே அது ஏணியாக அன்று, வேலியாக நடப்பட்டது. ஒவ்வோர் இனக்குழுவையும் தனித்தனியே பிரித்து, உயர்கல்வியின் வாயிலுக்கு அப்பால் நிறுத்துவதற்கு அம்மக்களின் மொழியே கருவியாயிற்று. தாய்மொழியைத் தந்தவர் யார், எதற்காகத் தந்தார் என்பதை அம்மக்கள் நன்கறிந்திருந்தனர்.

செலவுக் கணக்கே இதற்குச் சான்று பகரும். 1975-76இல் வெள்ளையின மாணவர் ஒருவருக்கு அரசு செலவிட்டது 644 ராண்ட். இந்திய மாணவருக்கு 189. கலப்பின மாணவருக்கு 139. ஆப்பிரிக்க மாணவருக்கு 42.

இந்நிலையில் 1974இல் மற்றோர் ஆணை பிறந்தது. கறுப்பினப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் பாடங்களுள் பாதியை ஆங்கிலத்திலும், பாதியை ஆளுங்கட்சியினரின் மொழியான ஆப்பிரிக்கான்சிலும் நடத்த வேண்டும் என்பது அது. கணிதமும் சமூகக் கல்வியும் ஆப்பிரிக்கான்சின் பங்கில் விழுந்தன. கற்பிக்க வேண்டிய ஆசிரியர் பலருக்கே அம்மொழி சரிவர வாராது. தமக்குத் தெரியாத மொழியில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியரின் நிலையை விளக்கவும் வேண்டுமோ? ஆப்பிரிக்க ஆசிரியர் சங்கத்தார் முறையிட்டனர், பெற்றோர் முறையிட்டனர், கேட்பாரில்லை. 1976 மே மாதத்தில் ஆர்லாண்டோ மேற்குப் பகுதிப் பள்ளியொன்றின் மாணவர் வகுப்பைப் புறக்கணித்தனர். ஜூன் 13இல் மாணவர் கூடினர். சீத்சி மஷினினி என்னும் 19 வயது இளைஞர், பேரணி நடத்தலாம் என்றார்.

பேரணி ஆர்லாண்டோ விளையாட்டரங்கை நோக்கிச் சென்றது. வழிமறித்த காவல்துறை கண்ணீர்ப்புகை வீசிற்று, பின்னர்ச் சுட்டது. மாண்டோருள் ஒருவன் 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன். அவனை ஓர் இளைஞர் கைகளில் ஏந்தி ஓட, அவன் தமக்கை உடன் கதறி ஓடும் நிழற்படத்தைச் 'சாம் நசீமா' எடுத்தார். 'தி வேர்ல்ட்' இதழ் வெளியிட்டது. மறுநாளே உலகம் அதைக் கண்டது. ஏந்திச் சென்ற இளைஞர் பின்னர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அச்சிறுவனின் குடும்பப் பெயர் முன்பு பிட்சோ. கலப்பினத்தவராகக் கருதப்பட்டால் சில சலுகைகளேனும் கிட்டும் என்று பீட்டர்சன் என மாற்றிக்கொண்டனராம். இனப் படிக்கட்டில் ஒரு படி ஏறப் பெயரையே விலையாகக் கொடுத்த நாடு அது!

அன்று மாண்டவருள் மெல்வில் எடல்ஸ்டைன் என்னும் வெள்ளையரும் ஒருவர். கறுப்பின இளைஞரின் மனக்குமுறலை ஆராய்ந்து, முன்னரே நூலாக எழுதியவர் அவர். சினங்கொண்ட கூட்டம் ஆளறியாது அவரைக் கொன்றது. இதனையும் மறையாது சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.

தீ பரவிற்று. மதுக்கூடங்களும் ஆட்சிமன்ற அலுவலகங்களும் எரிந்தன. ஆகஸ்டில் கேப் டவுன் எழுந்தது. ஆப்பிரிக்கான்சையே தாய்மொழியாகப் பேசிய கலப்பின மாணவரும் அங்கே கிளர்ச்சியில் சேர்ந்தனர். சினம் ஒரு மொழியின்மீது மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. தொழிலாளர் வேலைக்குச் செல்லாது வீட்டிலிருந்தனர். சிலியே விசாரணை ஆணையம் பின்னர் எண்ணிச் சொன்ன இறப்பு 575.

அதே ஆண்டில் பிரிட்டோரியாவில் மற்றொரு வழக்கும் நடந்தது. மொசாம்பிக்கின் விடுதலை இயக்கத்தைப் போற்றி 1974இல் டர்பனில் கூட்டம் கூட்டியதை ஒட்டிக் கைதான கறுப்பின உணர்வு இயக்கத்தினர் ஒன்பதின்மர் அதில் நின்றனர். அவர்களுள் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் இந்திய வம்சாவளியினர். (முதலியார் என்பது நேட்டாலில் மூட்லி எனத் திரிந்தது.) 189 ராண்ட் பெற்றவர், 42 ராண்ட் பெற்றவரோடு தம்மையும் கறுப்பர் என்றே எண்ணிக்கொண்டனர். டிசம்பரில் ஒன்பதின்மருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆப்பிரிக்கான்சுக் கட்டாயத்தை அரசு 1976 ஜூலையிலேயே கைவிட்டது. பயிற்றுமொழியைப் பள்ளிகளே தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, உயர்நிலைப் பள்ளிகளுள் மிகப் பல ஆங்கிலத்தைத் தேர்ந்தன. 1996இன் அரசியலமைப்பு ஒன்பது ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. எனினும் அம்மொழிகளைப் பேசும் மாணவர், பள்ளியிறுதித் தேர்வில் கணிதத்தையும் வரலாற்றையும் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர்.