பத்துப் பேரின் உறக்கம்

புனைபெயர் என்பது இலக்கியக்காரர்களுக்கே உரிய வழக்கம் என்று நாம் எண்ணியிருக்கிறோம். புள்ளியியலிலும் புகழ்பெற்ற புனைபெயர் ஒன்று உண்டு: ‘ஸ்டூடன்ட்’. மாணவன் என்னும் பொருள்தரும் அப்பெயருக்குரியவர் வில்லியம் சீலி காசெட் (1876-1937). ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்று, 1899இல் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணிக்குச் சேர்ந்தவர். ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிடுவதற்கு ஆலை இசையவில்லை. எனவே 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்த அவரது கட்டுரை புனைபெயர் தாங்கி வந்தது.

ஆலைச் சோதனைகளில் அவருக்குக் கிட்டியவை சில அளவுகளே. இத்தனை சிறிய மாதிரியின் சராசரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே அவரது வினா. அவர் கண்ட விடையே இன்றைய டி-சோதனையின் அடித்தளம். வேறுபாட்டின் அளவை, அளவீடுகளில் இயல்பாக உள்ள சிதறலோடு ஒப்பிட்டு எடைபோடுவதே அதன் சாரம்.

அக்கட்டுரையில் காசெட் எடுத்துக்கொண்ட சான்று பீர் ஆலையைச் சேர்ந்ததன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ மனநலக் காப்பகத்து நோயாளிகளுக்கு உறக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றைக் குஷ்னி, பீபிள்ஸ் என்போர் 1905இல் வெளியிட்டிருந்தனர். அதிலிருந்து பத்துப் பேரின் அளவுகளைக் காசெட் எடுத்தாண்டார். முதல் மருந்தால் கூடிய உறக்கம் சராசரியாக 0.75 மணி, இரண்டாம் மருந்தால் 2.33 மணி.

இந்த அட்டவணை ரொனால்டு ஃபிஷர் 1925இல் வெளியிட்ட, ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள் குறித்த நூலிலும் இடம்பெற்றது. அங்கே அவர் ஒன்று செய்தார். பத்துப் பேரும் இரு மருந்துகளையும் உண்டவர்கள் என்பதைக் கொண்டு முதலில் கணக்கிட்டார். பின்னர், ஒவ்வொரு மருந்தையும் வெவ்வேறு பத்துப் பேர் உண்டதாக வைத்துக்கொண்டு, சார்பற்ற இரு குழுக்களாக மீண்டும் கணக்கிட்டார். எண்கள் அவையே, முடிவுதான் மாறியது.

இன்று ‘ஆர்’ மென்பொருளுடன் இந்த அட்டவணையும் சேர்ந்தே வருகிறது. சார்பற்ற குழுக்களாகக் கொண்டு ஓட்டினால் பி-மதிப்பு 0.079. அதாவது, மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லையெனினும் இவ்வளவு பெரிய அல்லது இதனினும் பெரிய இடைவெளி தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு. ஐந்து என்னும் வழக்கமான எல்லைக்கு அது வெளியே நிற்கிறது. இணை அளவுகளாகக் கொண்டால் 0.0028, ஐயத்திற்கு அதிக இடமில்லை.

காரணம் எளிது. நான்காம் நோயாளி முதல் மருந்தால் 1.2 மணி உறக்கத்தை இழந்தவர், இரண்டாவதால் 0.1 மணி பெற்றவர். ஏழாமவருக்கோ முறையே 3.7, 5.5 மணி கூடின. மனிதருக்கு மனிதர் உள்ள இப்பெரும் வேறுபாடு, குழுக்களாகப் பிரிக்கும்போது மருந்தின் வேறுபாட்டை மூழ்கடித்துவிடுகிறது. ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது அது விலகிவிடுகிறது.

மென்பொருளுக்கு இது தெரியாது. ‘குழு’ என்று ஒரு பத்திக்குப் பெயரிட்டால் அது குழு என்றே நம்பும். ‘ஆர்’ மென்பொருளின் உதவிப் பக்கமே, அந்தப் பெயர் வழிதவறச் செய்யலாம், இவை பத்துப் பேரின் அளவுகளே என்று எச்சரிக்கிறது.

பெயரால் நேர்ந்த பிழை இன்னொன்றும் உண்டு. காசெட்டின் அட்டவணையில் மருந்துகளின் பெயர்கள் பிறழ்ந்திருந்தன. ஃபிஷரின் நூலும் அப்பிழையைத் தொடர்ந்தது. சுவடி பெயர்த்தெழுதியோரின் பிழை ஏடுதோறும் தொடர்வதைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. மூலத்திற்குத் திரும்பிச் சென்றவர்களே அதனைக் கண்டனர்.

நம் கல்லூரிகளிலும் ஆய்வேடுகள் டி-சோதனையால் நிரம்புகின்றன. ஒரே வகுப்பு மாணவர் எழுதிய முன்தேர்வும் பின்தேர்வும் இரு குழுக்களாகிவிடுவதைக் கண்டிருக்கிறோம். பொத்தானை அழுத்துமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இரு பத்திகளில் இருப்போர் வெவ்வேறு மனிதர்களா, அவர்களேதாமா? கலமசூவின் பத்துப் பேரின் பெயர்களும் நமக்குத் தெரியா. அவர்கள் இருபது பேர் அல்லர் என்பதையேனும் நாம் மறவாதிருக்க வேண்டும்.