ஆயாக் கொட்டகையில் அரும்பிய அறிவு

தோட்டப்புறத் தமிழரின் கல்வி வரலாறு பள்ளிக்கூட வாயிலில் தொடங்குவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. மலாய்க் கூட்டரசு நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. ஏழு வயதுக்கு முன் அப்பிள்ளை எங்கிருந்தது, எதனைக் கற்றது?

நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இவ்வினாவிற்கு விடை ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மரம் சீவப் போவாள். வேலைக்கு ஆள் குறையலாகாது என்பதே கொட்டகையின் நோக்கம். குழந்தையின் அறிவு வளர்ச்சி அன்று. ஓர் ஆயாவின் பொறுப்பில் பல தொட்டில்கள். ஆகவே, அழாத குழந்தையே நல்ல குழந்தை எனப் பெயர் பெற்றது.

ஆயினும் குழந்தை கற்றது. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) தம் மக்கள் மூவரின் மழலைப் பருவத்தைக் கூர்ந்து நோக்கி, 1936இல் நூலொன்றை வெளியிட்டார். நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தை, தற்செயலாய் விளைந்த பயனை மீண்டும் பெற விழைந்து, அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. அமெரிக்க உளவியலார் கரோலின் ரொவி 1969இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டிலின் மேல் தொங்கிய பொம்மையோடு குழந்தையின் கால் நாடாவால் பிணைக்கப்பட்டது. உதைத்தால் பொம்மை ஆடும் என உணர்ந்த குழந்தை, மேலும் மேலும் உதைத்தது.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. கிலுகிலுப்பையைக் குலுக்கினால் ஒலி. பறையைக் கொட்டினால் முழக்கம். தேரை இழுத்தால் ஓட்டம். சப்பாணி, சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றைப் பிள்ளைத்தமிழ் தனித்தனிப் பருவங்களாகவே வகுத்துள்ளது. குதிரையின்றிச் சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலையும் காட்டுகிறது.

கொட்டகையில் விளையாட்டுப் பொருள் அரிது. ஆனால் தகரக் குவளை உண்டு. குழந்தை அதனைக் கீழே போடும், ஓசை எழும், ஆயா எடுத்துத் தருவாள், மறுபடியும் போடும். இது குறும்பன்று, ஆராய்ச்சி. பொருள் விழும் என்பதோடு, தன் செயலுக்கு மனிதர் மறுமொழி தருவர் என்பதையும் குழந்தை அறிகிறது. சேலைத் தொட்டில் தூக்கத்தைத் தரும். அதன் மடிப்புக்குள் கிடக்கும் குழந்தைக்கு இவ்விடை கிட்டாது. ஓயாத பணிக்கிடையே இரண்டாம் முறையும் குனிந்து குவளையை எடுத்துக் கொடுத்த ஆயாவே அக்குழந்தையின் முதல் ஆசிரியை.

குழந்தை பராமரிப்பு நிலையங்களுக்கான சட்டம் மலேசியாவில் 1984இல் இயற்றப்பட்டது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட, கொட்டகைகளும் மறைந்தன. பள்ளி வரலாற்றில் தலைமையாசிரியர் பெயர்கள் வரிசையாய் உள. ஆயாக்களின் பெயர்களைக் காண்பது அரிது. மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டு அவற்றை எழுதிவைப்பாராயின், தோட்டக் கல்வியின் முதல் ஏடு நிறைவுறும். 'ஏன்' என்னும் வினா வகுப்பறையில் பிறப்பதன்று; யாரோ ஒருத்தி எடுத்துக் கொடுத்த குவளையில் பிறந்தது.